வழியில் திருப்பிய வண்டிகள்

1. சாக்குப்பையோடு வந்தவர்

நான் கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகும் சாலையில் இறங்கி, கரிசல் காட்டு வழியாக இரண்டு மைல் நடந்தால் எனக்கு ஒதுக்கிய ஊர் வரும். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதில் வருகிற குடும்பங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

ஒரு சித்திரை மாதக் காலையில் அலுவலகத்தைத் திறந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சொந்தக் காட்டில் பயிர் வைக்கிற மாடசாமி என்ற சம்சாரி வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சாக்குப்பை.

“அம்மா, ஆறுமுகத்த வெட்டிப்புட்டேன். எழுதிக்கிடுங்க” என்றார்.

சிட்டா நகல் வேண்டும் என்று கேட்கிற அதே குரல். சாக்குப்பைக்குள் அரிவாள் இருந்தது. நான் துடைத்த மேசையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கு உதவியாளராக இருந்த தலையாரி சுப்பையா அண்ணாச்சி பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை.

“ஸ்டேஷனுக்குப் போகாம இங்க எதுக்கு வந்தீங்க?” என்று கேட்டேன்.

“நேரா அங்க போனா அடிப்பாவ. நீங்க எழுதிக் கூட்டிட்டுப் போனா அடி குறையும்னு சொல்லுதாவ. அதான் வந்தேன்.”

எங்கள் வேலையில் இதுவும் உண்டு. கொலை செய்தவர் கிராம நிர்வாக அலுவலரிடம் வந்து ஒப்புக்கொள்வார். நாங்கள் அதை எழுதி, கையெழுத்து வாங்கி, ஆளையும் அரிவாளையும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். தேர்வுக்குப் படித்தபோது இது நான்கு வரிப் பாடம். நேரில் ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி எழுதினேன். வரப்பு ஒரு முழம் தள்ளிப் போனதுதான் தகராறு. செத்த ஆறுமுகம் அவருக்குச் சித்தப்பா மகன். எழுதி முடித்து, நானும் தலையாரியும் மாடசாமியுமாக டவுன் பஸ்ஸில் ஸ்டேஷனுக்குப் போனோம். வண்டியில் பெண்கள் பக்கம் இடம் இல்லை. மாடசாமி எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். இன்றைக்கும் அதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை.

அதன் பிறகு எங்கள் ஊருக்கு வராத ஆள் இல்லை. கலெக்டர் வந்தார். பெரிய போலீஸ் அதிகாரிகள் வந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்து வரப்பைப் படம் எடுத்தார்கள். வேப்பமரத்தடியில் போலீஸ் வேன் ஒன்று நின்றது, காவலுக்கு. கழுகுமலையில் என் வீட்டுப் பக்கத்தில்கூட, “அந்தக் கொலை நடந்த ஊர்லயா வேலை பாக்குதீங்க? மாறுதல் கேளுங்க” என்றார்கள். பொழுது சாய்ந்தால் ஊரில் கதவுகள் சாத்திக்கொண்டன.

பயம் எல்லாம் முத்துராஜைச் சுற்றித்தான். செத்த ஆறுமுகத்தின் தம்பி, வயது இருபத்து நான்கு. அவன் பழிவாங்குவான், அதற்குள் மாடசாமி பக்கத்து ஆட்கள் அவனை முடித்துவிடுவார்கள் என்று ஊர் பேசியது. அவர்கள் தாய் ஆவுடையம்மாள் கணவனை இழந்தவர். இரண்டு பிள்ளைகளில் மிச்சம் இருப்பது இவன் ஒருவன். “இவனையாவது எனக்கு விட்டு வைக்கச் சொல்லுங்கம்மா” என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். யாரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

2. தாசில்தார் கேட்ட பட்டியல்

ஆடி மாதம் தாலுகா ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. கடந்த பத்து வருடத்தில் உங்கள் கிராமத்தில் நடந்த கொலைகளின் விவரம் அனுப்பவும் என்று. நான் தகரப் பெட்டியைத் திறந்து இறப்புப் பதிவேடுகளை எடுத்தேன். சுப்பையா அண்ணாச்சி எதிரே உட்கார்ந்தார். அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

பதிவேட்டில் ‘இறப்புக்குக் காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. கிராமத்தில் டாக்டர் சான்றிதழோடு யாரும் சாவதில்லை. வீட்டு ஆள் வந்து என்ன சொல்கிறாரோ அதை எழுதுவோம். எனக்கு முன்னால் இருந்தவர் அழகான கையெழுத்துக்காரர், எழுதுவதில் அவசரக்காரர்.

“இவருக்கு நாப்பத்தெட்டு வயசு. முதுமைன்னு போட்டிருக்கே அண்ணாச்சி?”

“டிபிம்மா. வெளிய சொன்னா வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டாவன்னு மறைச்சுட்டாவ.”

“இந்தப் பொம்பளைக்குக் காய்ச்சல்னு இருக்கு.”

“பிள்ளைப்பேறு. ரெண்டு நாளு வலி கண்டு கெடந்தா. மழைல பாதை சேறாகி மாட்டு வண்டியே போவல.”

இப்படியே ஒவ்வொரு பெயராகக் கேட்டேன். அவர் ஒவ்வொருவரையும் தெரிந்து வைத்திருந்தார். பாம்பு கடித்தவர், கிணற்று வேலையில் கல் விழுந்தவர், லாரி அடித்தவர், வாந்திபேதியில் ஒரே வாரத்தில் போன மூன்று குழந்தைகள். தானாக உயிரை விட்டவர்கள் பெயர் வந்தபோது மட்டும் காரணம் சொல்லாமல் தாண்டினார். நானும் கேட்கவில்லை. கொலை என்று பார்த்தால் பத்து வருடத்துக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. அதுவும் நான் பஸ்ஸில் கூட்டிப்போன மாடசாமி செய்ததுதான்.

எனக்கு உறுத்தியது வேறொன்று. கார்த்திகை, மார்கழி, தை வந்தால் இருபது, முப்பது வயது ஆண்கள் பெயராக வந்தது. ‘நெஞ்சு வலி.’ ‘மயக்கம்.’ ‘காய்ச்சல்.’ பக்கத்திலேயே, ‘கோவில்பட்டி கொண்டு செல்லும் வழியில் மரணம்’.

“இத்தன சின்ன வயசுல எல்லாருக்கும் நெஞ்சு வலியா?”

“பருத்திக்கு மருந்து அடிச்சவங்கம்மா” என்றார். பூச்சிமருந்தை எங்கள் பக்கம் வெறுமனே மருந்து என்றுதான் சொல்வோம். “வெயில்ல அடிப்பான், தலை சுத்துதும்பான், வந்து படுப்பான். நுரை தள்ளும்.”

“எல்லாரும் வழியிலயே செத்திருக்காவளே. ஒருத்தர்கூட ஆஸ்பத்திரி போய்ச் சேரலையா?”

“மூச்சு நின்ன பெறகு எதுக்கும்மா போவணும்? அங்க கொண்டு போனா அறுத்துத்தான் தருவாவ. வண்டியத் திருப்பிருவோம்.”

பிரேதப் பரிசோதனையைத்தான் அறுப்பது என்றார். அதற்கு எங்கள் ஜனங்கள் பயப்படுகிற அளவு சாவுக்குக்கூடப் பயப்படுவதில்லை.

அடுத்த வரி: பாலமுருகன், வயது இருபத்திரண்டு, தந்தை பெயர் சுப்பையா. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“எம்மவன்தான்” என்றார். “அவனும் மருந்து அடிச்சவன். போற வழியில முடிஞ்சு போச்சு. அடுத்தது யாருன்னு பாருங்க.”

நான் அடுத்த பெயரை வாசித்தேன்.

பட்டியலை இரண்டு தாளாக எழுதினேன். ஒன்றில் ஒரு கொலை. இன்னொன்றில் சுப்பையா அண்ணாச்சி சொன்ன மற்ற சாவுகள். தாசில்தார் முதல் தாளை வாங்கிக்கொண்டார். இரண்டாவதைப் புரட்டிப் பார்த்து, “இத எதுக்கும்மா கொண்டாந்தீங்க? கொலை எத்தனைன்னுதானே கேட்டேன்? இதெல்லாம் சாதாரண சாவு” என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவர் மேசையில் இது போல முப்பது ஊர்க் கடிதம் கிடந்தது.

திரும்பி வரும்போது ஒரு பருத்திக் காட்டில் மருந்து பாட்டில் கிடந்ததை எடுத்துப் பார்த்தேன். கடுகு போன்ற எழுத்தில், மருந்து மேலே பட்டால் உடுப்பைக் கழற்று, சோப்புப் போட்டுக் கழுவு, உடனே டாக்டரிடம் கொண்டு போ என்று இருந்தது. அதைக் குறித்துக்கொண்டு ஊரில் இரண்டு பேரிடம் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. செத்தால் சாகட்டும் என்று இரண்டாவது தாளை ஃபைலில் போட்டு மூடிவிட்டேன். என் வேலையில் நான் செய்த பெரிய தப்பு அதுதான். சிரித்தவர்களிடம் பத்து தடவை சொல்லியிருக்க வேண்டும்.

3. காவலுக்குள் விழுந்தவன்

கார்த்திகை வந்தது. வேப்பமரத்தடியில் ஒரு ஏட்டும் இரண்டு போலீஸ்காரர்களும் ஒரு போலீஸ் டிரைவரும் வேனோடு இருந்தார்கள். ஆவுடையம்மாள் முத்துராஜை எங்கேயும் விடுவதில்லை. கோவில்பட்டிக்குச் சினிமா பார்க்கப் போகக்கூடாது. டீக்கடையில் நிற்கக்கூடாது. அவன் போகலாம் என்றிருந்த ஒரே இடம் அவர்கள் பருத்திக் காடு. அது வேப்பமரத்திலிருந்து பார்த்தால் தெரியும்.

“காட்டுல நின்னா போலீஸ் கண்ணுல இருப்பான். அங்கனதாம்மா எனக்குப் பயமில்ல” என்று என்னிடம் சொன்னார்.

அன்றைக்கு நானும் சுப்பையா அண்ணாச்சியும் எந்தக் காட்டில் என்ன பயிர் என்று அடங்கலில் குறித்துக்கொண்டு போனோம். முத்துராஜ் மருந்து அடித்துக்கொண்டிருந்தான். மேலே சட்டை இல்லை, தலையில் துண்டு. முதுகில் கட்டிய டப்பா ஒழுகி வேட்டி நனைந்திருந்தது. காற்று அவன் பக்கமாக அடித்தது.

“சட்டையப் போடுப்பா, டப்பா ஒழுகுது” என்றேன்.

“நனைஞ்சா குளுகுளுன்னுதான் இருக்குக்கா” என்று சிரித்தான். நானும் அதற்கு மேல் சொல்லாமல் அடுத்த காட்டுக்குப் போய்விட்டேன்.

அரை மணி நேரம் இருக்கும். “முத்துராஜ வெட்டிப்புட்டானுவ” என்று யாரோ கத்தினார்கள். ஓடினோம். அவன் செடிகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தான். களை எடுத்தவர்கள் சுற்றி நின்று ஓலமிட்டார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் ஓடையைப் பார்த்து ஓடினார்கள், வெட்டியவனைப் பிடிக்க. முத்துராஜின் தாய்மாமன் சண்முகம் அவனைப் புரட்டிப் புரட்டிக் காயத்தைத் தேடினார். தலையைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். சொட்டு ரத்தம் இல்லை. வெட்டு இல்லாமல் அவன் ஏன் கிடக்கிறான் என்று அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. அத்தனை மாதமாக எல்லாரும் அரிவாளையே எதிர்பார்த்திருந்தோம்.

கிட்டே போனதும் எனக்கு அந்த வாடை வந்தது. வாயில் நுரை. உடம்பெல்லாம் வேர்வை. தொடைச் சதை துடித்துக்கொண்டிருந்தது.

“யாரும் வெட்டல. மருந்து ஏறியிருக்கு” என்றேன். சுப்பையா அண்ணாச்சி அவன் வேட்டியை உருவி எறிந்து, குடிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீரை அவன் மேல் ஊற்றிக் கழுவினார். தன் தோள் துண்டால் அவனைச் சுற்றினார்.

ஏட்டிடம் வேனைக் கேட்டேன். அவர் தயங்கினார்.

“காவல் பாயிண்ட்ட விட்டு வேன் நகரக்கூடாதும்மா. நாங்க இல்லாத நேரத்துல ஏதாவது ஆச்சுன்னா என் வேலை போயிரும்.”

“நீங்க யாருக்குக் காவலா வந்தீங்க?”

“இவனுக்குத்தான்.”

“அப்ப இவன் போற எடத்துக்கு வாங்க.”

அவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். “எழுதித் தாங்க” என்றார். அடங்கல் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, என் பொறுப்பில் வேனைக் கேட்டு வாங்கினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்த பிறகு அவர் செய்த வேலை கொஞ்சநஞ்சம் இல்லை. முத்துராஜைத் தானே தூக்கிக்கொண்டு ஓடினார்.

4. பாதி வழி

ஓலம் கேட்டு ஓடி வந்த ஆவுடையம்மாளை வேனில் ஏற்றி, அவர் மடியில் முத்துராஜைக் கிடத்தினோம். சண்முகம் கால்மாட்டில், நானும் சுப்பையா அண்ணாச்சியும் எதிரே. ஏட்டு டிரைவர் பக்கத்தில். கரிசல் பாதையில் முந்தின நாள் மழை. வேன் வழுக்கி வழுக்கிப் போனது.

தார்ச் சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் அவன் துடிப்பு நின்றது. சண்முகம் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தார். நெஞ்சில் காதை வைத்தார்.

“போச்சு” என்றார். “மூச்சு இல்ல. வண்டியத் திருப்பச் சொல்லுங்க.”

ஆவுடையம்மாள் அழவில்லை. “திருப்புங்கய்யா” என்றார். “மூத்தவன அறுத்து மூட்டையாக் கட்டிக் கொடுத்தாவ. மொகத்தக்கூட முழுசாப் பாக்க முடியல. இவனையாவது முழுசா வீட்டுக்குக் கொண்டு போறேன்.”

வேன் வேகம் குறைந்தது. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். எனக்கு எதுவும் தட்டுப்படவில்லை. கை சில்லென்று இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், நானும் போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். அந்தத் தாய் கேட்பது நியாயமாகவும் பட்டது. திருப்பலாம் என்று சொல்ல வாய் திறந்தேன்.

“திருப்பக் கூடாது.”

சுப்பையா அண்ணாச்சி. அவர் குரல் என்று அறிய எனக்கு ஒரு நொடி ஆனது.

“செத்தவனக் கொண்டு போயி என்ன செய்யப் போறீரு?” என்றார் சண்முகம்.

“செத்துட்டான்னு ஒமக்கு எப்படித் தெரியும்? நானும் எம்மவன் மூக்குல இப்படித்தான் வெரல வச்சுப் பாத்தேன். நான்தான் திருப்பச் சொன்னேன். இந்தத் தார் ரோட்டுல, அந்தா தெரியுதே பாலம், அங்கன வச்சு.” ஆவுடையம்மாள் பக்கம் திரும்பினார். “மைனி, செத்துருந்தா திருப்பிக் கொண்டாந்துருவோம், அறுக்க விடாமக் கேட்டு வாங்கித் தாரேன். உசுரு இருந்துச்சுன்னா என்ன செய்வீய? ஏலே, ஓட்டுலே.”

போலீஸ்காரரை ஏலே என்று ஒரு தலையாரி சொல்லி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். ஏட்டு திரும்பிப் பார்க்காமலே, “ஓட்டு” என்றார். வேன் பாலத்தைத் தாண்டியது.

அரசு ஆஸ்பத்திரியில் இருந்தவர் சின்ன வயது டாக்டர். கண்ணிமையை விலக்கி டார்ச் அடித்தார், நர்ஸிடம் ஏதோ சொன்னார், ஊசி போட்டார். சற்று நேரம் கழித்து மறுபடி போட்டார். மறுபடியும். உள்ளே விடவில்லை. ஆவுடையம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, “பிழைச்சுக்குவான். இன்னும் பத்து நிமிஷம் தாமதமா வந்திருந்தா என்கிட்ட கொண்டுவந்து பிரயோஜனம் இல்ல” என்றார். ஆவுடையம்மாள் அப்போதுதான் அழுதார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அரசு ஊழியர் அழக்கூடாது என்று விதி எதுவும் இல்லை.

டாக்டர் போகத் திரும்பினார். சுப்பையா அண்ணாச்சி அவர் முன்னால் போய் நின்றார்.

“அய்யா, ஒண்ணு கேக்கணும். ஒடம்பு சில்லுன்னு ஆயி, மூக்குல வெரல் வச்சா காத்தே வரலைன்னா, செத்துட்டான்னுதான அர்த்தம்?”

நான் டாக்டரின் வாயைப் பொத்தியிருப்பேன், எட்டியிருந்தால்.

“அப்படிச் சொல்ல முடியாது பெரியவரே” என்றார் அவர். “இந்த மருந்து ஏறினா மூச்சு ரொம்ப அடங்கிரும், கையில தெரியாது. இந்தப் பையனும் அப்படித்தானே வந்தான்.”

“சரிங்கய்யா” என்றார் அண்ணாச்சி. வெளியே போய் சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் நின்றுகொண்டார். நான் அவரிடம் போனேன். சும்மா பக்கத்தில் நின்றேன்.

5. எழுதிக் கொடுத்ததில் இல்லாதது

முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக வருகிற பிள்ளைகளிடம் ஒன்று சொல்வேன். கொலை நடந்தால் ஊரே வந்து நிற்கும். அதற்கு நீங்கள் ஓட வேண்டியதுதான், வெட்டுப்பட்ட வீட்டின் துக்கம் சின்னதில்லை. ஆனால் உங்கள் பதிவேட்டில் அது எப்போதாவது வருகிற ஒரு வரி. மற்ற வரிகளுக்குக் கலெக்டர் வரமாட்டார், போலீஸ் வேன் நிற்காது. காரணம் என்ன என்று கேட்க உங்களைத் தவிர ஆள் கிடையாது. வீட்டு ஆள் சொல்வதை எழுதுங்கள், எழுதிவிட்டு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். தெரிந்துகொண்டதை ஃபைலில் போட்டு மூடாதீர்கள்.

அந்த வாரமே நான் இரண்டாவது தாளைத் தூசு தட்டி எடுத்தேன். பாட்டிலில் இருந்ததையும் டாக்டர் சொன்னதையும் சேர்த்து, தண்டோராப் போட ஒரு அறிவிப்பு எழுதினேன். அதுவரை எங்கள் ஊரில் தண்டோரா என்றால் ரேஷன், வரி, தேர்தல்தான். சுப்பையா அண்ணாச்சிக்குப் படிக்கத் தெரியும். வாங்கி இரண்டு தடவை வாசித்துக்கொண்டார்.

மறுநாள் காலை, ஆட்கள் காட்டுக்குக் கிளம்பும் நேரம். முதல் தெரு முக்கில் நின்று தட்டினார். நான் கூடவே நின்றேன். காற்றுக்கு எதிரே நின்று மருந்து அடிக்காதீர்கள், சட்டை போட்டுக்கொள்ளுங்கள், ஒழுகுகிற டப்பாவைத் தொடாதீர்கள், தலை சுற்றினால் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எழுதியதை ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசி வரி, வழியில் மூச்சு நின்றதுபோல் தெரிந்தாலும் வண்டியைத் திருப்பக்கூடாது என்பது. அதையும் சொன்னார்.

முடிந்தது என்று நான் அடுத்த தெருவுக்கு நடந்தேன். அவர் வரவில்லை. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அங்கேயே நின்றார். ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

“எம்மவன் பாலமுருகன நான் பாலத்துல வச்சுத் திருப்பிட்டேன். உசுரு இருந்துருக்கும். நீங்க யாரும் திருப்பிராதீய.”

மருந்து டப்பாவை முதுகில் கட்டியிருந்த ஒருவர் அதை இறக்கி வைத்துவிட்டு, சட்டை எடுக்க வீட்டுக்குள் போனார். அண்ணாச்சி அடுத்த தெருவுக்கு வந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். அங்கேயும் கடைசியில் அதைச் சொன்னார். ஊரில் மொத்தம் ஏழு தெரு.